மூன்றாவது பச்சை

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. வேலையை விட்டு வந்த பிறகும் நான் பத்திரமாக வைத்திருக்கும் ஸ்பானர் பெட்டிக்குச் சந்தனம் வைத்தாயிற்று. ஸ்கூட்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கியாயிற்று. பொரிகடலைத் தட்டோடு திண்ணையில் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, டிவியைப் போடு. திருச்சியில் ஒரு விமானம் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஷார்ஜா விமானமாம்."

அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். லீவு முடிந்து அவன் திரும்பிப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த விமானத்தில் அவன் இருக்க வழியே இல்லை. ஆனாலும் குமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்க்கு, செய்தியில் வரும் எந்த விமானமும் தன் மகன் ஏறிய விமானம்தான்.

திரையில் ஒரு வரைபடம். குழந்தை பென்சிலால் கிறுக்கியதுபோல் அதில் வட்டத்தின் மேல் வட்டம். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் கோளாறு என்று விமானிகள் தெரிவித்திருந்தார்கள். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். செய்தி வாசித்த பெண்ணின் குரலில் பதற்றத்தைவிட உற்சாகம் அதிகமாக இருந்ததாக எனக்குப் பட்டது. அக்கா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எதற்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. அன்று சேனல்களில் பேசிய பல பேரிடமிருந்து இதற்குத் தெளிவான பதில் வரவில்லை.

விமானம் கிளம்பும்போது தாங்குகிற எடையை இறங்கும்போது தாங்காது. 737-800 வகை விமானம் சுமார் 79 டன் வரை எடையோடு கிளம்பலாம். இறங்குவதற்கான வரம்பு சுமார் 66 டன். நடுவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வழியில் எரிந்து தீர வேண்டிய எரிபொருள். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றிவிடக் குழாய் உண்டு. இந்த அளவுள்ள விமானத்தில் அது இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், அதுவும் மணிக்கு இரண்டு இரண்டரை டன் கணக்கில். தீப்பிடித்தது போன்ற நிலையென்றால் எடையைப் பார்க்காமல் இறங்கிவிடுவார்கள். சக்கரத்தின்மேலோ பிரேக்கின்மேலோ சந்தேகம் இருக்கும்போது முடிந்தவரை கனத்தைக் குறைத்துக்கொண்டு வருவதுதான் புத்தி. அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அவர்கள் வழி தெரியாமல் சுற்றவில்லை அக்கா. இறக்கி வைக்கப் போகிற பாரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

2005 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவில் இதைவிட விசித்திரமாக ஒன்று நடந்தது. ஓர் ஏ320 விமானத்தின் முன்சக்கரம் இறங்கியது, ஆனால் தொண்ணூறு பாகை குறுக்கே திரும்பி நின்றது. எரிபொருளைத் தீர்க்க மணிக்கணக்கில் சுற்றினார்கள். இருக்கைக்கு முன்னிருந்த சிறு திரைகளில் தங்கள் விமானம் சுற்றுவதைத் தாங்களே நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பயணிகள். கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கியபோது முன்சக்கரம் தீப்பொறி பறக்க ஓடுபாதையில் தேய்ந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், வாழ்நாளில் பாதியை விமானத்தின் வயிற்றுக்கடியில் கழித்திருக்கிறேன். 1979இல் குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு போய் விமானப்படையில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். பிறகு வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு. எஞ்சின்காரர்கள் தங்களை மேல்சாதி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் கால்காரன். லேண்டிங் கியர், அதாவது சக்கரங்களைத் தாங்கும் விமானத்தின் கால், என் பிழைப்பு.

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பறக்கும்போது சக்கரங்கள் மடங்கி வயிற்றுக்குள் போய்விடும். அங்கே அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கொக்கி. இறக்க வேண்டும் என்றால் விமானி நெம்புகோலைக் கீழே தள்ளுவார். சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் பாயும், கொக்கி விலகும், கால் இறங்கும், இறங்கிய இடத்தில் மடங்கிவிடாதபடி ஒரு பூட்டு விழும். பூட்டு விழுந்ததைச் சென்சார் பார்த்து விமானி அறைக்குச் சொல்லும். இரண்டு பக்கக் கால், ஒரு முன்கால், ஆக மூன்று பச்சை விளக்கு. எங்கள் தொழிலில் "மூன்று பச்சை" என்பது ஒரு மந்திரம்.

அந்த எண்ணெய் போய்விட்டால் என்ன செய்வது? அங்கேதான் இதை வடிவமைத்தவர்களின் மூளை தெரிகிறது. பழுதானதற்கு மாற்றாக இன்னொரு சிக்கலான இயந்திரத்தை அவர்கள் நம்பவில்லை. பூமியின் இழுப்பை நம்பினார்கள். 737இல் துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் மூன்று கைப்பிடிகள், காலுக்கு ஒன்று. இழுத்தால் கம்பி வழியாகக் கொக்கி விலகும். கால் தன் சொந்தக் கனத்திலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஏ320இல் விமானிகளுக்கு நடுவே ஒரு கைச்சுழலி. அதை மூன்று சுற்று சுற்ற வேண்டும். பம்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பழுத்த ஓலை மரத்தை விட்டு விழுவதற்கு யாரையும் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

(ஹைட்ராலிக் எல்லோரையும் படுத்துகிறது என்பதற்கு எங்கள் கண்ணெதிரே ஒரு சாட்சி இருந்தது. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானம் அந்தக் கோளாறால் ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. சேச்சிகளும் சேட்டன்மார்களும் அதை வைத்து அடித்த கேலிக்கு அளவே இல்லை.)

ஹேங்கரில் விமானத்தை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, கால்களை மடக்கி விரித்துச் சோதிப்போம். அதை நூற்றுக்கணக்கான முறை செய்தவனுக்குக் காது தனியாக ஒரு கருவி ஆகிவிடும். கதவு திறக்கும் காற்றிரைச்சல், கால் விழும் முட்டு, பூட்டு விழும் இன்னொரு முட்டு. பயணியாகப் போகும்போதும், பக்கத்தில் இருப்பவர் தூங்க, நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள்.

2018 நவம்பர் கடைசி வாரம் அந்த வியாதியால் பெரும்பாடு பட்டேன்.

வேலை முடித்து ஊருக்குத் திரும்பும் கடைசிப் பயணம். எங்கள் மாவட்டத்துக்கு விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரம்தான் எங்களுக்கும். கோவில் ஆறாட்டு ஊர்வலத்துக்காக வருடத்தில் இரண்டு நாள் ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடிவிடும் விமான நிலையம் அது. ஊரிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக வாடகை வேன் பிடித்துக் குடும்பத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். அன்றும் என் மைத்துனர் விடியும் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார்.

இறக்கைக்குப் பக்கத்து வரிசை. ஜன்னலோரம் சின்னத்துறைக்காரர் ஒருவர், நாற்பது வயது இருக்கும். வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடி வேலை. ஒக்கிப் புயலில் அவர் தம்பி போய்விட்டார். முதலாம் ஆண்டுத் திருப்பலிக்காக ஊருக்கு வருகிறார். 2017 நவம்பர் 30க்குப் பிறகு அந்தக் கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். இதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இறங்கும் நேரம். கதவின் இரைச்சல் கேட்டது. காலடியில் ஒரு முட்டு, உடனே இன்னொன்று, முன்னால் தூரத்தில் மெலிதாக ஒன்று. மூன்று. நான் கண்ணைத் திறந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் கழித்து எஞ்சின் உறுமியது, மூக்கு மேலே தூக்கியது, கடல் சாய்ந்தது. இறங்காமல் மீண்டும் மேலே போகிறோம்.

பத்து நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தலைமை விமானியின் குரல்: சக்கரங்களில் ஒன்று பூட்டிக்கொண்டதாகக் காட்டவில்லை, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருங்கள். இதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். இந்தியில் சொன்னார்கள். விமானத்தில் பாதிப்பேர் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள். குளச்சல்காரருக்கும் பாறசாலைக்காரருக்கும் உயிர்போகிற செய்தியை இந்தியில் சொல்வது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எங்கள் வரிசைக்கும் முன்பின் வரிசைகளுக்கும் நானே மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

ஆனால் என் தலைக்குள் வேறு சண்டை. நான் மூன்று முட்டு கேட்டேனே! எழுந்து போய்ச் சொல்லலாமா? "அம்மா, நான் முப்பத்தைந்து வருடம் இதே வேலை பார்த்தவன், மூன்றும் இறங்கிவிட்டது, உங்கள் விளக்குதான் பொய் சொல்கிறது" என்று பணிப்பெண்ணிடம் சொன்னால் என்ன? அழைப்புப் பொத்தான்வரை கை போனது. அதே முப்பத்தைந்து வருட அனுபவம்தான் கையைக் கீழே இறக்கவும் செய்தது. இறங்குவது வேறு, பூட்டுவது வேறு. பூட்டாத கால் நின்றுகொண்டுதான் இருக்கும், எடை ஏறும்வரை. முட்டுச் சத்தத்தை வைத்து ஒரு காலைச் சரி என்று நான் கையெழுத்துப் போட்டதுண்டா? என்னிடம் வேலை கற்ற பையன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அடித்திருப்பேன்.

விமானம் கடலோரமாகத் தெற்கே போய் வட்டமிட்டது. சின்னத்துறைக்காரர் ஜன்னலில் நெற்றியை ஒட்டியபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அது தேங்காய்ப்பட்டணம். ஆற்றுவாய் தெரிகிறது பாருங்கள்" என்றார். அதைச் சொன்ன குரலில் பயம் இல்லை. தெரிந்த ஊரைக் காட்டும் குரல்.

"என்ன செய்கிறார்கள் இவர்கள்?" என்று கேட்டார். சொன்னேன்: முதலில் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள், கால் கீழே இல்லையென்றால் கனத்தில் விழவிடுவார்கள், விளக்கு பழுதா கால் பழுதா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தாழப் பறந்து கீழேயிருந்து பார்க்கச் சொல்வார்கள். பழைய 737களில் பயணிகள் நடக்கும் பாதையின் தரைவிரிப்புக்கடியில் ஒரு ஓட்டை இருந்தது, அதன் வழியே எட்டிப் பார்த்துப் பூட்டை உறுதி செய்யலாம் என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பாவம்.

அவரிடம் சொல்லாத கதைகள் என்னிடம் இருந்தன. 1972 டிசம்பர் 29, மயாமி. முன்சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. பல்பு போயிருந்தது, அவ்வளவுதான். விமானி அறையில் இருந்தவர்களின் கவனமெல்லாம் அந்த பல்பின்மேல் இருந்தபோது விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். இன்னொன்று, அதைவிட என்னைத் தொந்தரவு செய்வது: 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்ட், டிசி-8 வகைப் பயணிகள் விமானம் ஒன்று. துருப்பிடித்த ஒரு தண்டு உடைந்ததால் வலதுகால் பெரும் சத்தத்தோடு விழுந்தது, அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் சிதைந்தது, விளக்கு எரியவில்லை. தலைமை விமானி சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார். பயணிகளைத் தயார்படுத்தினார், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். கூட இருந்தவர்கள் எரிபொருளைப் பற்றி முணுமுணுத்தார்கள். அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அந்தக் கால் முதலிலிருந்தே இறங்கிப் பூட்டித்தான் இருந்தது.

விமானி அறையில் இளையவர் மூத்தவரைத் தடுத்துப் பேசலாம், பேச வேண்டும் என்று உலகமெங்கும் பயிற்சி தரத் தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். "பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்த்த ஊரில் பிறந்த எனக்கு அந்தப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தது ஒரு அதிர்ச்சி.

இப்போது என் கவலையை நீங்களே ஊகிக்கலாம். திருச்சி விமானம் நிறைந்த தொட்டியோடு சுற்றியது. நாங்கள் நான்கு மணி நேரம் பறந்து வந்தவர்கள். எங்கள் தொட்டியில் மிச்சமிருந்தது கொச்சிக்கோ வேறெங்கோ திருப்பிப் போகவும் கொஞ்சம் காத்திருக்கவும் போதுமான எண்ணெய். அவர்களுக்குச் சுற்றச் சுற்ற நன்மை. எங்களுக்குச் சுற்றச் சுற்றக் கழிவு. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சின்னத்துறைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "மண்ணெண்ணெய் கணக்கா அண்ணே?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் ஜன்னலைக் காட்டி, கேட்காமலேயே சொன்னார்: "மேலே நின்று பார்த்தால் அந்த வாய் அமைதியாகத்தான் தெரியும். மணல் ஏறிக் கிடக்கிறது, அலை அங்கேதான் முறியும். வள்ளத்தை வெளியே நிறுத்தி அலையை எண்ண வேண்டும். பெரிய அலை மூன்று நான்கு போனதும் ஒரு தணிவு வரும், அப்போது உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டவன் கவிழ்ந்திருக்கிறான். ஆனால் எண்ணிக்கொண்டே இருந்தவனும் கவிழ்ந்திருக்கிறான். எஞ்சினில் எண்ணெய் தீர்ந்துபோனால் எந்த அலையும் ஒன்றுதான். என் அப்பா சொல்லுவார், வெளியே நிற்கும்போதே முடிவு பண்ணிவிடு, இத்தனை அலைக்குள் போகிறேன் என்று."

போர்ட்லண்ட் விபத்தைப் பற்றி நான் வாசித்த அறிக்கைகளின் சாரத்தை அதைப் படிக்காத ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தலைமை விமானி மீண்டும் பேசினார். அந்தப் பேச்சில்தான் என் மூச்சு சீராயிற்று. மாற்று முறையையும் செய்து பார்த்துவிட்டோம், கோபுரத்தின் பக்கம் ஒருமுறை தாழப் பறப்போம், அதன் பிறகு பதினைந்து நிமிடத்தில் எப்படியிருந்தாலும் இறங்குகிறோம் என்றார். எப்படியிருந்தாலும்! விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும். அவர் அலையை எண்ணி முடித்துவிட்டார்.

தாழப் பறந்தோம். சங்குமுகம் கடற்கரையில் நடை போனவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. கோபுரத்தில் இருப்பவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: "மூன்றும் கீழே இருப்பதாகத் தெரிகிறது." அதற்குமேல் அவர்களால் சொல்ல முடியாது. பூட்டு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இல்லை.

கால் நிற்காவிட்டால்? அதற்கும் மனதில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, 2011 நவம்பர் 1, வார்சா. எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்று நாங்கள் கொண்டாடும் அதே தேதி. நியூவர்க்கிலிருந்து வந்த போயிங் 767. கிளம்பியதுமே ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிவிட்டது. மாற்று முறையில் இறக்கப் பார்த்தால் அதுவும் வேலை செய்யவில்லை. கேப்டன் ததேயுஷ் வ்ரோனா ஒரு சக்கரமும் இல்லாமல் வயிற்றாலேயே விமானத்தை ஓடுபாதையில் வைத்தார். 231 பேரும் நடந்து வெளியே வந்தார்கள். பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால், விமானி அறையில் ஒரு சர்க்யூட் பிரேக்கர் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே அழுத்தினார்கள். மூன்று காலும் இறங்கின.

இரண்டாவது படம் அன்று என்னிடம் இல்லை, பின்னால் வந்து சேர்ந்தது. 2024 டிசம்பர் 29, தென்கொரியாவின் முவான். அதுவும் சக்கரமில்லாமல் வயிற்றால்தான் இறங்கியது. ஓடுபாதையில் வழுக்கிக்கொண்டே போய், முடிவுக்கு அப்பால் ஆன்டெனாவைத் தாங்கி நின்ற கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள், இருவர் பிழைத்தார்கள். வயிற்றால் இறங்கிய விமானம் நிற்பதற்கு நேரமும் வெற்றிடமும் வேண்டும். அந்த வெற்றிடத்தில் எது நிற்கிறது என்பதை யாராவது முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

பணிப்பெண் வந்து தயார்படுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள், குதிகால் செருப்பை அகற்றுங்கள், குனிந்து முன்சீட்டில் தலையை வையுங்கள், பாதம் தரையில் பதியட்டும். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்வரிசையில் ஒரு பெரியம்மா, மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய்த் திரும்புகிறவர், மடியில் இருந்த பையை விடவே மாட்டேன் என்றார். "அம்மா, பை இங்கேயே இருக்கட்டும். நீங்கள் மட்டும் இறங்கினால் போதும்" என்றேன். "இதில் பேரப்பிள்ளையின் படம் இருக்கிறது மக்களே" என்றார். படத்தை மட்டும் எடுத்து அவர் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பை விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், 2016 ஆகஸ்ட் 3 அன்று, இதே திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன போயிங் 777 விமானம். இறங்கித் தொட்ட பிறகு மீண்டும் மேலே எழ முயன்றார்கள், எஞ்சினுக்கு வேகம் கொடுக்கப்படவில்லை, ஆனால் சக்கரத்தை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். மடங்கிக்கொண்டிருந்த காலோடு விமானம் தரையில் அமர்ந்தது. 300 பேரும் தப்பினார்கள். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். புகைக்குள் பெட்டி தேடிக்கொண்டிருந்த பயணிகளின் வீடியோவை நாங்கள் வேலை செய்த இடத்தில் பாடமாகவே போட்டுக் காட்டினார்கள். அதில் தெரிந்தவை எல்லாம் நம்மூர் பைகள்.

கடைசித் திருப்பம். சின்னத்துறைக்காரர் செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டார். நான் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டு, யோசிக்க எத்தனையோ இருக்க, டயரைப் பற்றி யோசித்தேன். என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். சிரட்டையில் சேர்ந்த பாலை நாங்கள் வாளியில் சேர்ப்போம், ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் அடிப்போம். விமான டயரில் இன்றும் இயற்கை ரப்பர்தான் முக்கியம், செயற்கை ரப்பர் அந்தச் சூட்டுக்கும் இழுப்புக்கும் அதன் அளவு ஈடுகொடுப்பதில்லை என்று முதல் லீவில் வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. "நம் ஷீட்டா?" என்று மட்டும் கேட்டார். கார் டயரில் முப்பத்துச் சொச்சம் பவுண்டு என்றால் அதில் இருநூறு பவுண்டு அழுத்தம் இருக்கும், காற்று அல்ல, நைட்ரஜன் என்றேன். ஏன் காற்று கூடாது என்பதற்கு 1986இல் மெக்சிகோவில் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்: சூடேறிய பிரேக், சாதாரணக் காற்று அடைத்த டயர், மடங்கிய காலுக்குள்ளேயே வெடித்தது, 167 பேர். பின்னால் நடந்த இதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. அப்பா அந்தச் சந்தோஷத்தோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடது சக்கரம் தொட்டது. பஞ்சு வைத்ததுபோல் வைத்தார் அந்த மனிதர். பிறகு வலது. எடை மெல்ல மெல்ல ஏறுவதை முதுகில் உணர்ந்தேன். இப்போது மடங்கினால் மடங்க வேண்டும். மடங்கவில்லை. மூக்கு இறங்கியது. மொத்த ஓடுபாதையையும் எடுத்துக்கொண்டு, பிரேக்கைத் தடவியதுபோல் தொட்டு, ஓடுபாதையிலேயே நின்றோம். இருபுறமும் தீயணைப்பு வண்டிகள். கைதட்டினார்கள், அழுதார்கள். பெரியம்மா ரவிக்கைக்குள்ளிருந்து படத்தை எடுத்துச் சரிபார்த்தார்.

நான் ஜன்னல்பக்கம் சாய்ந்து கீழே பார்த்தேன். தரைப் பணியாளர் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, சிவப்பு நாடா தொங்கும் பூட்டு ஊசிகளை எடுத்துக்கொண்டு விமானத்துக்கடியில் நுழைந்தான். அந்த ஊசியைக் காலில் செருகிவிட்டால் கால் மடங்கவே முடியாது. மடங்குமா மடங்காதா என்று யாருக்கும் தெரியாத ஒரு காலுக்கு அடியில் போய் அதைச் செருக வேண்டியது அவன் வேலை. என் வேலையும் அதுவாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கைதட்டல் அவனுக்கு விழுந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, அங்கே பணிபுரியும் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். கால் முதல் தடவையே இறங்கிப் பூட்டியிருந்தது. சென்சாருக்கும் அது பார்க்க வேண்டிய இரும்புத் துண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கொஞ்சம் விலகிவிட்டது. மில்லிமீட்டர் கணக்கு. என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் பொத்தானை அழுத்தாததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று என் மைத்துனர் இன்றும் கேட்கிறார். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அன்று வேனிலும் இதே விவாதம்தான்.

2024க்குத் திரும்புகிறேன். இரவு எட்டேகால் மணி வாக்கில் திருச்சி விமானம் வழக்கம்போல் சக்கரத்தில் இறங்கியது. சேனல்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அக்கா மகனை அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கைப்பேசி அடித்தது. சின்னத்துறைக்காரர். இப்போது ஊரிலேயே இருக்கிறார், சொந்த வள்ளம். இப்படி எங்காவது ஒன்று நடந்தால் கூப்பிட்டுவிடுவார்.

"பார்த்தீர்களா அண்ணே?"

"பார்த்தேன் தம்பி."

"எத்தனை அலை எண்ணினார்கள்?"

"இரண்டரை மணி நேரம்."

"தொட்டி நிறைய இருந்திருக்கும்" என்றார். பிறகு, காலையில் சாளை நிறைய வந்ததென்றும், விலைதான் இல்லை என்றும் சொல்ல ஆரம்பித்தார்.